கடற்கரையில் வகுப்பு

ஆடி மாதம், ஞாயிறு இரவு

இன்று மாலை வல்வெட்டித்துறைக் கடற்கரையில், வள்ளங்களின் நிழலில் பிள்ளைகளுக்கு பைபிள் கதை சொல்லி, இயேசுவின் பாட்டும் பழக்கினேன். புதிதாக வந்த கவிதாவின் தாய் வேகமாக வந்தாள். சைவக் குடும்பம். மகளை இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று பயந்தேன்.

"ரீச்சர், என்னைத் தெரியேல்லையோ? முகாமிலை உங்களிட்டைப் பாட்டுப் படிச்ச சுமதி."

யுத்த கால அகதி முகாமின் அந்தத் தறப்பாள் கூடாரம் கண்முன் வந்தது. ஷெல் சத்தம் கேட்டால் நாங்கள் இன்னும் உரக்கப் பாடுவோம். காதைப் பொத்திக்கொண்டு பாடிய சின்னப் பெண் இவள்தான்.

"நாங்கள் இப்பவும் கோயிலுக்குத்தான் போறம். ஆனா பயம் வந்தால் உந்தப் பாட்டுத்தான் வாயிலை வருது. இவளுக்கும் சொல்லிக் குடுங்கோ."

பிறகு அவளும் மணலில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு கைதட்டிப் பாடினாள்.