நீ ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னேன்

அன்பில் என்னை என்றுமே மிஞ்சி நின்ற ரோசம்மாவுக்கு,

கும்மிடிப்பூண்டியில் பனி இறங்கிவிட்டது. காலை எட்டு மணிக்கும் எதிர்வீட்டு மதில் தெரிவதில்லை. பனியோடு கம்பெனிப் புகையும் சேர்ந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்கிறது. நீ போய் ஆறு மாதம் ஆகிறது. எனக்கு எழுபத்து நான்கு முடிந்துவிட்டது. கட்டிலிலிருந்து எழுந்து உட்காருவதே ஒரு வேலையாக இருக்கிறது.

உன் அண்ணன் இறந்த பிறகு பன்னிரண்டு வருடம் நாம் இருவரும் இந்த ஒரே வீட்டில் இருந்தோம். நான் கான்வென்டில் படித்தவள், ஆபீசில் தட்டச்சு செய்தவள். நீ நாற்று நட்டவள், பிறகு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்தவள். அந்த வித்தியாசத்தை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. நீ ஒரு நாளும் கண்டுகொண்டதில்லை.

குளிர்காலத்தை அனுபவிக்க முடியும் என்பதே எனக்கு உன்னால்தான் தெரிந்தது. கான்வென்டில் குளிர் என்றால் ஸ்வெட்டர் பொத்தானைக் கழுத்துவரை போட வேண்டும், அவ்வளவுதான். நீ மார்கழி பிறந்ததும் முதல் வேலையாக ஃபேனை நிறுத்துவாய். "வள்ளூர்ல கரண்டு செய்றவங்கல்லாம் இனிமே இன்னா பண்ணுவாங்க அண்ணி? ஊட்டுக்குப் போவவேண்டியதுதான்" என்று சிரிப்பாய். ஃபேன் நின்ற வீட்டில்தான் எத்தனை கேட்கிறது! எளாவூர்ப் பக்கமிருந்து வரும் ரயிலின் ஹாரன், பக்கத்து வீட்டில் தோசை திருப்பும் சத்தம், நம் இருவரின் மூச்சு. இப்போது ஒரு மூச்சுதான் கேட்கிறது. அதனால் ஃபேனைப் போட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன். உனக்குச் சிரிப்பாக இருக்குமே?

உறைந்துபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலை மாடி வெயிலில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே குந்தியிருப்பாய். எண்ணெய்க்குக் காவலா என்று கேட்டால், "நானுந்தான் கரையறேன் அண்ணி" என்பாய்.

எல்லாவற்றிலும் உனக்குப் பெரிய கொண்டாட்டம் பிதுக்குப் பருப்பு. பச்சை மொச்சையை இரவே ஊறவைத்து, மறுநாள் மாடியில் வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்குவோம். "நீ இன்னா பரீட்சையா எழுதற? சும்மா அமுக்கு, அதுவா வந்து வுழும்" என்று என்னைக் கிண்டல் செய்வாய். யாராவது பார்த்தால், ரோசம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்வேன். எனக்கும் பிடித்திருந்தது, ரோசம்மா. ஏன் உன்னிடம்கூட அதைச் சொல்லவில்லை?

உன் மகள் கிரேசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கம்பெனியில் அவளை ஒரகடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு போகிறாள். பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஒரே ஆள் அவள்தான். "நீயும் எங்கூட வந்துடு அத்தை" என்று மூன்று முறை கூப்பிட்டாள். மூன்று முறையும், "யார் வீட்லயும் ஒண்டி இருந்து எனக்குப் பழக்கமில்ல" என்றேன். மூன்றாம் முறை அவள் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து மொச்சை கொண்டுவரும் அம்மாவை உனக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, ஒண்டியா வந்துக்கீற? கூட ஒரு அம்மா வருமே, வாயாடி, அது எங்க?" என்றாள்.

நீ இறந்துவிட்டதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஊருக்குப் போயிருக்கா" என்று வந்தது.

"எப்ப வரும்?"

"பொங்கல் கழிச்சு."

ஒரு பொய்க்காகக் கன்னியாஸ்திரிகள் முன்னால் முழங்காலில் நின்றவள் நான். அதற்குப் பிறகு பொய் சொன்னதில்லை என்று எல்லோரிடமும் பெருமை பேசியவள். அன்று மொச்சைப் பையைச் சுமந்துகொண்டு வெட்கத்தோடு வீடு வந்தேன். பழக்கத்தில் ஊறவைத்தும்விட்டேன். ஆனால் மறுநாள் தனியாக மாடி ஏற மனம் வரவில்லை. பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கிரேசி வந்தாள். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.

"அத்தை, எங்கம்மா ஊருக்குப் போயிக்கீதாமே? எந்த ஊருக்கு?"

கத்துவாள் என்று நினைத்தேன்.

"பொங்கல் கழிச்சு வருமாமே. 'உங்கம்மா வந்தா சொல்லு, நல்ல மொச்சையா எடுத்து வெக்கறேன்'னு நேத்து சந்தையில மொச்சக்கார அம்மா எங்கிட்ட சொல்லுது."

"நீ என்ன சொன்ன?"

"இன்னா சொல்றது? சரி, சொல்றேன்னுட்டு வந்துட்டேன்."

பிறகு அவளே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன்.

வெயில் முதுகில் விழுந்ததும் முழங்கால் வலிகூடச் சற்று அடங்கியது. அவளுக்கு உன் கை, ரோசம்மா. பிதுக்கிக்கொண்டே இருந்தாள். நான்காம் முறை கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. மொச்சை குறைந்துகொண்டே வந்தது. முடிந்ததும் இரண்டாவது ஷிப்டுக்குப் போய்விடுவாள். அப்புறம் பொங்கல் வரும், அவள் சாமான்களை ஏற்ற வண்டி வரும். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தது. கேட்கத் தெரியவில்லை.

"ஒரகடத்துல பாத்த வீட்ல மாடிக்குப் போக விடுவாங்களா?" என்றேன்.

அவள் கை நின்றது. "வுடாம? மேல் வீடுதான் நம்மளுது."

"காலைல வெயில் வருமா?"

"நல்லா வரும்."

"அப்ப எனக்கும் ஒரு கட்டில் போடு."

அவள் கம்பெனிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திட்டினாள்: "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா அத்தை? மூணு வாட்டி கேட்டுப் பேஜாரா பூட்டுது எனக்கு."

தலையை நிமிர்த்தியே வைத்திருப்பது எவ்வளவு களைப்பு என்று எனக்கு இத்தனை வருடம் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் என்னைத் தொந்தரவு செய்யாமல் இருந்தாயா?

தை பிறந்ததும் கிளம்புகிறேன். அவள் சமையலில் குறை சொல்ல மாட்டேன் என்று வாக்குத் தர முடியாது; என்னால் முடியாததைச் சொல்ல மாட்டேன். ஆனால் உன் மகள் என்னை எதற்குக் கூப்பிட்டாலும், இரண்டாம் முறை கூப்பிட வைக்க மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் அண்ணனின் மனைவியாக வந்து, உனக்கு உறவாவதற்கு இத்தனை காலம் எடுத்துக்கொண்ட
உன் அண்ணி,
பிலோமினா