இரண்டாம் ஞானஸ்நானம்

ஜூன் 3, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. ஆற்றுப் பக்கமிருந்து புழுதி. துவைத்துப் போட்டதெல்லாம் மறுபடி அழுக்கு. வாங்க வேண்டியவை: அப்பாவுக்கு டயப்பர் (பெரிய சைஸ்), பிரஷர் மாத்திரை, ரவை, பினாயில்.

நேற்று சாயங்காலம் தம்பி சாமு அப்பாவைக் கொண்டுவந்து விட்டுப் போனான். ஐந்து நாள் வாடிப்பட்டியில் அவன் வீட்டில் இருந்தார். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பாண்டியம்மா, பேத்தி காதுகுத்துக்குப் போய்விட்டதால் நான்தான் அவனைக் கேட்டேன். நானே கேட்டேன். அதுதான் எரிகிறது.

பாண்டியம்மா பையைப் பிரித்தாள். உள்ளே ஈர வேட்டி. பாசி வாடை. "என்னக்கா, அப்பாவக் கெணத்துல எறக்குனாகளா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது சாமுவின் ஸ்டேட்டஸ் பார்த்தேன். அப்பா. வெள்ளை அங்கி. தோட்டத்துத் தொட்டியில் மார்பளவு தண்ணீர். இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்திருக்கிறார்கள். அடுத்த படத்தில் அப்பா இல்லை. தண்ணீர் மட்டும்.

பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம். வலது கை, கால் வராது. எல்லாம் புரியும், பேச முடியாது. தண்ணீரைக்கூட மாவு கலந்து கெட்டியாக்கி ஸ்பூனில்தான் கொடுக்கிறோம். புரையேறினால் நெஞ்சுக்குள் போய்விடும். அந்த மனிதரை முக்கி எடுத்திருக்கிறார்கள்.

சிம்மக்கல் வீட்டுக்குத் திரும்பியதும் போன் போட்டேன்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"ஞானஸ்நானம்க்கா."

"அவருக்குத்தான் குழந்தையிலயே ஆச்சே."

"அது செல்லாதுக்கா. பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு தெளிச்சது. அதெல்லாம் பட்டம். பேரு இல்ல. பேரு ஒண்ணுதான், இயேசு. நான் ஒனக்குத் தம்பி, எம் பிள்ளைக்கு அப்பா, பட்டறையில மெக்கானிக்கு. அதுக்காக நான் என்ன மூணு ஆளா?"

"அவருக்கு மூச்சுத் திணறியிருந்தா?"

"கர்த்தர் பாத்துக்கிட்டாருல்ல."

வைத்துவிட்டேன். நான்கு வருடமாக அவன் இந்த சபைக்குப் போகிறான். போகட்டும் என்று விட்டிருந்தேன். என் வீட்டு ஆளைத் தொடுவான் என்று நினைக்கவில்லை.

அப்பாவுக்கு இருமல்.

ஜூன் 4, புதன்

காய்ச்சல் 100.4. டி. கல்லுப்பட்டியில் நான் மருந்து கொடுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் சொன்னேன். அங்கிருந்து வீடு திரும்பும் வழியில் வந்து நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்தார். வலது அடியில் லேசாக சத்தம். ஆன்டிபயாட்டிக் ஏழு நாள். மூன்று நாளில் குறையாவிட்டால் அட்மிஷன்.

"தண்ணி உள்ள போயிருக்கும். எப்படிப் போச்சு?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, குளிக்கும்போது என்றேன். பொய். தம்பியைக் காப்பாற்றினேன். எதற்கு?

மத்தியானம் லேப் கீதாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சௌராஷ்டிரக்காரி. அவள் அம்மாவிடம் போனில் பேசினால் ஒரு வார்த்தை நமக்குப் புரியாது. கேட்டுவிட்டு, "எனக்கு வெளங்கலக்கா. மூணுன்னா மூணு, ஒண்ணுன்னா ஒண்ணு. எங்கள்ல பிரம்மா, விஷ்ணு, சிவன் இல்லையா, அந்த மாதிரியா?" என்றாள்.

"இல்ல."

"பின்ன எப்படி?"

டிபன் பாக்ஸை மூடினேன். நாற்பத்தெட்டு வயது. ஞாயிறுதோறும் நின்றுகொண்டு விசுவாசப் பிரமாணம் சொல்கிறேன். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அர்த்தம் கேட்டால் டிபன் பாக்ஸை மூடுகிறேன். சாமுவுக்காவது தான் நம்புவது என்ன என்று தெரிகிறது. அதுவும் எரிச்சல்.

ஜூன் 6, வெள்ளி

காய்ச்சல் 99. இருமல் அப்படியே. கஞ்சி ஆறு ஸ்பூன்.

வேலை முடிந்து நேராக ஆயர் வீடு. விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஸ்டேட்டஸை யார் யாரோ பார்த்திருக்கிறார்கள். வருத்தப்பட்டார். காபி வந்தது. சர்க்கரை அதிகம்.

பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்தை எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் ஐயா என்றேன். மகிழ்ந்துபோனார்.

"ரொம்ப ஈஸிம்மா. தண்ணி இருக்கு. உறைஞ்சா ஐஸ். கொதிச்சா ஆவி. பொருள் ஒண்ணு, நிலை மூணு. அம்புட்டுதான்."

ஆவி என்றபோது மேலே கையைக் காட்டிச் சிரித்தார். பரிசுத்த ஆவியும் ஆவிதானே என்று. எனக்கும் பளிச்சென்று இருந்தது. வாசலில் நின்றே சாமுவுக்குப் போன் போட்டு அப்படியே ஒப்பித்தேன்.

சிரிக்கிறான். விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

"அக்கா, அதத்தானே நானும் சொல்றேன்! ஒரே ஆளு, மூணு வேஷம். ஒங்க ஆயர எங்க சபைக்கு வரச் சொல்லு."

நடுத்தெருவில் நின்றேன். ஆட்டோக்காரர், "அக்கா, ஓரமாப் போங்க, லாரி வருது" என்று கத்தினார்.

அவன் சொன்னது சரி. ஒரு தண்ணீர்தான், ஒரு நேரம் இது, ஒரு நேரம் அது. நாற்பது வருடமாக நான் பிரமாணத்தைச் சொல்லிக்கொண்டே சாமுவின் சபையில்தான் இருந்திருக்கிறேனா? ஆயரும் என்னோடு உட்கார்ந்திருக்கிறாரா? அப்படியென்றால் எதற்கு இவ்வளவு சண்டை? என் அப்பா நெஞ்சில் சளி எதற்கு?

ஜூன் 8, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பாண்டியம்மாவுக்கு லீவு. கரண்ட் பதினொன்று முதல் இல்லை. அப்பாவுக்கு விசிறிக்கொண்டே சுவிசேஷம் நான்கையும் புரட்டினேன். பேனாவால் குறித்தவை:

யோர்தான் ஆற்றில் இயேசுவின் ஞானஸ்நானம். குமாரன் தண்ணீருக்குள். குரல் மேலே. புறா நடுவில். மூன்றும் ஒரே நேரத்தில். ஐஸ் உருகி ஆவியாகக் காத்திருக்கவில்லை.

பிடிபடுவதற்கு முன் ராத்திரி, தோட்டத்தில் இயேசுவின் ஜெபம். வியர்வை இரத்தமாக. இந்தப் பாத்திரத்தை எடுத்துவிடும் என்று கெஞ்சுகிறார். யாரிடம்? சாமு சொல்கிறபடி ஆள் ஒருவர்தான் என்றால் அங்கே கேட்பதற்கு யாரும் இல்லை. தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார்.

உலகம் உண்டாவதற்கு முன்னால்? கடவுள் அன்பு என்கிறோம். யார்மேல்? ஒரு ஆளும் இல்லாத இடத்தில் அன்பு என்ன செய்யும்?

மூன்று பேர், சரி. அப்படியானால் மூன்று கடவுள் இல்லையா? தெரியவில்லை. ஒன்று எப்படி என்பது தெரியவே இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு ஐஸ் கொடுத்தார்கள். கோபமாக வருகிறது.

அப்பா தூங்கிவிட்டார். இருமல் குறைவு.

ஜூன் 10, செவ்வாய்

காய்ச்சல் இல்லை. அப்பாடா.

சாயங்காலம் சபைச் செயலாளர் வந்தார். கையில் டைப் அடித்த தாள். மரியாதையாகத்தான் பேசினார். பேச்சில் எல்லாம் அம்மா, அம்மா.

"அப்பா வேற சபையில ஞானஸ்நானம் எடுத்துட்டதால பதிவேட்டுல பேரு நீக்கணும்னு கமிட்டியில சொல்றாங்கம்மா. நாங்க விடல. இதுல ரேகை வச்சுக் குடுத்துட்டா முடிஞ்சது. நாளைக்கே ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா கல்லறைத் தோட்டத்துல எடம் பிரச்சினையாயிரும் பாருங்க."

அப்பா கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். அவர் முன்னாலேயே கல்லறைத் தோட்டம். அம்மா அங்கேதான் இருக்கிறாள்.

தாளில் எழுதியிருந்தது: என் விருப்பத்துக்கு மாறாக, என் சுயநினைவில்லாத நிலையில் செய்யப்பட்டது, அதை நிராகரிக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்தத் தாள் பிடித்திருந்தது. நான் ஒரு வாரமாகக் கத்திக்கொண்டிருப்பதை அழகாக டைப் அடித்திருந்தார்கள். மை டப்பாவைத் திறந்ததும் நான்தான்.

அப்பாவின் இடது கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டார். மறுபடி பிடித்தேன். விரலை மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டார். அந்தக் கையில் இன்னும் இவ்வளவு பலம் இருப்பது எனக்குத் தெரியாது.

தாளை வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தருகிறேன் என்று செயலாளரை அனுப்பினேன். பிறகு எழுத்து அட்டையை எடுத்தேன். அப்பா ஒவ்வொரு எழுத்தாகத் தொடுவார், நான் கூட்டிப் படிப்பேன்.

"ஒங்களக் கட்டாயப்படுத்துனாங்களா இல்லையா?"

தலையை ஆட்டினார். இல்லை.

"நீங்களா சரின்னீங்களா?"

ஆமாம்.

"ஏன்ப்பா?"

விரல் அட்டையில் அலைந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சு வாங்கினார். அ. ழு. தா. ன்.

சாமு அழுதான்.

"அவன் அழுதா? அவன் அழுதா நீங்க தொட்டிக்குள்ள போயிருவீங்களா? மூச்சு நின்னுருந்தா? நான் ஒருத்தி இங்க கெடக்கேனே, என்னய நெனச்சீங்களா?"

நன்றாகக் கத்திவிட்டேன். பாண்டியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா பாதி வாயால் சிரித்தார். இடது கையால் என் கன்னத்தைத் தொட வந்தார். தள்ளிவிட்டேன்.

தள்ளியிருக்கக் கூடாது.

ஜூன் 12, வியாழன்

பாதி நாள் லீவு. சாமுவை வரச் சொன்னேன். கையில் கிரீஸோடு வந்து நின்றான். உட்காரச் சொல்லவில்லை.

"அப்பா முன்னாடி எதுக்குடா அழுத?"

முதலில் வசனம் சொன்னான். நிறுத்து என்றேன். சுவரைப் பார்த்தான்.

"எங்க சபையில சொல்றாகள்ல, பழைய ஞானஸ்நானத்தோட போனா பரலோகத்துல எடமில்லன்னு. எனக்குத் தூக்கம் வரலக்கா. நான் அங்க போயி, அப்பா இல்லைன்னா, நான் அங்க போயி என்ன செய்யப் போறேன்?"

நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தப் போனேன். உடனே கோபம் திரும்பி வந்தது. நல்லவேளை.

"சாமு, ஆண்டவர் தோட்டத்துல அழுதாருல்ல. யாருகிட்ட?"

"அது வந்து, மனுஷத்தன்மை தெய்வத்தன்மைகிட்ட..."

"நீ அப்பாகிட்ட அழுதியா, கண்ணாடியப் பாத்து அழுதியா?"

"அப்பாகிட்டதான்."

"அவரு கேட்டாரா?"

"கேட்டாரு."

"கேக்க ஒரு ஆளு இருந்துச்சுல்ல? அத ஆண்டவருக்கு இல்லைங்கிறியேடா. அவரு தனியா ஒக்காந்து நாடகம் போட்டாருங்கிற."

ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பாஸ்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். கேட்டுக்கோ. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து நகம் வெட்டிவிட்டான். அப்பா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார். போகும்போது, "வாரேன்க்கா" என்றான். நான் நகத்துணுக்குகளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மேகம், மழை இல்லை. புழுக்கம். திரித்துவ ஞாயிறு.

கோயிலுக்குப் போனேன். ஃபேன் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. பிரசங்கத்தில் ஆயர் மேடை மேல் ஒரு டம்ளர் தண்ணீரும் ஐஸ் கட்டியும் வைத்திருந்தார். பிள்ளைகள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிரசங்கம் முடியுமுன் கட்டி கரைந்துவிட்டது.

ஆராதனை முடிந்து வாசலில் கை கொடுக்கும்போது தாளை நீட்டினேன். ரேகை இல்லாத தாள். பக்கத்தில் செயலாளர்.

"அப்பா வைக்க மாட்டேன்னுட்டாரு."

"புரியாம செய்றாரும்மா," என்றார் செயலாளர்.

"எல்லாம் புரியுது அவருக்கு. இதுல சுயநினைவு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. பொய்யில அவர் ரேகை எதுக்கு?"

"அப்போ வேற உபதேசத்த ஏத்துக்கிட்டாருன்னுதானே ஆகுது?"

எனக்குள் என்னவோ அறுந்தது. குரல் உயர்ந்துவிட்டது. பின்னால் வரிசை நின்றுபோனது.

"ஐயா, தண்ணி ஒரே நேரத்துல ஐஸாவும் ஆவியாவும் இருக்காது. பிதாவும் குமாரனும் ஆவியும் ஒரே நேரத்துல இருக்காங்க, ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பேசிக்கிறாங்க. இன்னிக்கு மேடையில நீங்க சொன்னதுதான் என் தம்பி சபையோட உபதேசம். அதுக்குப் பேரு நீக்கணும்னா இன்னொரு தாள் கொண்டாரச் சொல்லுங்க. முதல்ல நீங்க ரேகை வைங்க."

யாரோ சிரித்தார்கள். ஆயர் முகம் சிவந்தது. செயலாளர், "அம்மா, அம்மா" என்றார். நான் செருப்பைத் தேடினேன். ஒன்று கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

மூன்று மணிக்கு ஆயர் போன். அதட்டுவார் என்று நினைத்தேன். "நாங்க படிச்ச காலத்துல இந்த உதாரணம் சொல்லக் கூடாதுன்னு வாத்தியார் சொன்னாரும்மா. ஜனங்களுக்கு ஈஸியா இருக்கேன்னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டேன்" என்றார். பெயரை நீக்கவிடமாட்டேன், கமிட்டியில் நானே பேசுகிறேன் என்றார்.

சரி ஐயா என்றேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை. தெரிந்தே சொல்லியிருக்கிறார்! நாங்கள் என்ன, பால் குடிக்கிற பிள்ளைகளா?

ஜூன் 17, செவ்வாய்

காற்று பலம். கொடியில் இருந்த தலையணை உறை பக்கத்து மாடியில்.

பாண்டியம்மா மறுபடி லீவு, நாலு நாள். மருமகளுக்குப் பிரசவம். சாமு டாக்ஸியோடு வந்துவிட்டான். கேட்கவே இல்லை, எப்படித் தெரிந்தது? பாண்டியம்மா சொல்லியிருக்கிறாள்.

"தொட்டிப் பக்கம் கொண்டுபோனே, கையை ஒடிப்பேன்."

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"சத்தியம் யாரு பேருல?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அப்பாவிடம் கேட்டேன், இங்கேயே இருக்கிறீர்களா, நான் லீவு போடுகிறேன் என்று. அவர் இடது கையை வாசல் பக்கம் நீட்டினார். போகிறாராம். அப்பா மூக்கு சாமுவுக்கு. காரில் இரண்டு தலையும் ஒன்று போலத் தெரிந்தது. அப்பா கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

பையில் வைத்தது: மாத்திரை (காலை, ராத்திரி தனித்தனி), தெர்மாமீட்டர், கெட்டியாக்கும் மாவு, எழுத்து அட்டை, நான்கு வேட்டி.

ரசம் வைத்தேன். ஒரு ஆளுக்கு வைக்கத் தெரியவில்லை, பாத்திரம் நிறைய நிற்கிறது. ஆறு மணிக்குப் போன் போட்டேன். இருமல் இல்லையாம். நன்றாகச் சாப்பிட்டாராம். "அக்கா, ஞாயித்துக்கெழம நீயும் வாயேன், மூணு பேருமா இருப்போம்" என்றான்.

அவன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. எத்தனை மணி பஸ் என்று கேட்டேன்.