இருபத்திரண்டு பக்கங்களுக்கு ஒரு கையெழுத்து

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன், அதுவும் ஆபீஸ் வேலையாக. கோபித்துக்கொள்ளாதே. உனக்குத் தெரிந்திருக்காது, நான் இப்போது பல்கலைக்கழகத்தில் எழுத்தர். பாடத்தொகுப்பில் சேர்க்கும் பக்கங்களுக்கெல்லாம் பதிப்புரிமை அனுமதி வாங்குவது என் வேலை. குடிநீர்க் குழாயில் கசிவு கண்டுபிடிப்பது பற்றி அப்பா ஒரு கட்டுரை எழுதினாரே, அந்த இருபத்திரண்டு பக்கங்களை இரண்டாம் ஆண்டு பொறியியலுக்கு வைத்தே ஆகவேண்டும் என்று பேராசிரியை ஒற்றைக்காலில் நிற்கிறார். அப்பாவுக்குப் பிறகு உரிமை நம் இரண்டு பேருக்கும். இத்துடன் இருக்கும் அனுமதிப் படிவத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உன்னுடையது முப்பதாம் தேதிக்குள் வேண்டும்.

உன் அன்புத் தங்கை

மார்ச் 11

என் வாயாடிக்கு,

முழங்கால் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. உன் அண்ணி ரொம்ப விசாரித்தாள். அப்பா எழுதியது பாடமாக வருவதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சொந்த அண்ணனிடம் ஃபாரமா? நான் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்ளேன். மௌனம் சம்மதம்.

அண்ணன்

மார்ச் 16

அண்ணனுக்கு,

எங்கள் பிரிவில் அது செல்லாது. மூன்று முறை எழுதியும் பதில் வராவிட்டால், "தூக்கிடு" என்பார் மேலதிகாரி. பாடம் போய்விடும்.

அப்பாவின் வீட்டைக் காலி செய்தபோது நீ இப்படித்தான் செய்தாய். அப்பா கைப்பட எழுதிய நோட்டுகளை என்ன செய்யலாம் என்று எனக்கு எழுதினாயாம், பதில் வரவில்லையாம், பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டாயாம். நான் அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்து, உன் கடிதம் எங்கே போனது என்று தபால்காரரைப் பிடித்துக் கேட்டேன், பக்கத்து வீட்டிலும் கேட்டேன். தபாலைப் பார்க்க ஓர் ஆளை வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன். மிஞ்சியது அச்சான இந்தப் பக்கங்கள்தான். கையெழுத்துப் போடு.

தங்கை

மார்ச் 24

தங்கைக்கு,

கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தை எழுதினேன், தபாலில் போடவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்று தெரியும். வீடு வாங்கியவர் சாவிக்கு அவசரப்படுத்தினார். உன்னையே நீ திட்டிக்கொண்டிருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. மனசு உறுத்துகிறது. ஏதாவது எழுது. நாலு வார்த்தை திட்டியாவது எழுது.

அண்ணன்

மார்ச் 29

மதிப்புக்குரிய ஐயா,

தாங்கள் கையொப்பமிட்ட அனுமதிப் படிவம் கிடைத்தது. நன்றி.

இருபத்திரண்டு பக்கங்களும் வரும் பருவத்திலிருந்து பாடத்தொகுப்பில் இடம்பெறும். எழுதியவர் பெயர் முதல் பக்கத்தில் அச்சாகும். தொகுப்பின் பிரதி ஒன்று தங்கள் முகவரிக்கு அனுப்பப்படும்.

இது தொடர்பாகத் தாங்கள் மேற்கொண்டு எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
எழுத்தர், அனுமதிப் பிரிவு