பெட்டிக்குள் என் பெயர்

22.04.2025
பேராதனையில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது! ஜூலை முதலாம் திகதிக்குள் சேர வேண்டும். கம்பனி விட்டால்தான்.

23.04.2025
மேலாளர் நளீம் சேரிடம் இரண்டு வருட விடுப்புக் கேட்டேன். எங்கள் கம்பனி மென்பொருள் செய்யும் முறையையே பெட்டி பெட்டியாக வரைந்து கணினிக்குள் போட்டவள் நான்தான். வேலை ஒரு வகை, ஆவணம் ஒரு வகை, செய்பவர் ஒரு வகை. எது எதைக் கேட்டு அசைய வேண்டும் என்று கோடுகள். கந்தோரில் எல்லா வேலையும் அந்தப் படத்தின்படிதான் நடக்கிறது. சேர் அதைத் திறந்து காட்டினார். ‘இறுதி ஒப்புதல்’ பதினொரு இடத்தில் வருகிறது. பதினொன்றிலும் ‘ஜெனூபா’ என்று என் பெயர்.

“நீங்க போனா ஒரு வேலயும் வெளிய போகாது. நீங்கதானே வரஞ்சது?”

நுணலும் தன் வாயால் கெடும். நான் கையால்.

25.04.2025
உம்மாவிடம் சொன்னேன்.

“வீட்ட உன்ட பேருக்கு எழுதியாச்சி. வாற மாப்பிள்ள ஆரோட இரிக்கிற? இஞ்ச உன்ட வேலய ஆரு செய்யிற?”

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அவர் யாரென்றே இன்னும் தெரியாது. அவருக்காக இப்போதே நான் வீட்டுக்குக் காவல். அங்கேயும் நான்தான், இங்கேயும் நான்தான்.

27.04.2025
ஒன்றும் எழுத மனமில்லை.

02.05.2025
அசர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணி ஊற்றும்போது பிடிபட்டது. எங்கள் வீட்டில் மீன் வெட்டுவது தங்கச்சி சிபானா, தண்ணீர் மோட்டர் போடுவது வாப்பா, தேத்தண்ணி ஜெனூபா. யாரும் மாறிச் செய்ததில்லை. நான் வரப் பிந்தினால் எல்லோரும் வெறும் வாயோடு இருப்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான் படத்திலும் பொறுப்பை எழுத வேண்டிய பெட்டியில் ஆளை எழுதியிருக்கிறேன். பொறுப்பு வேறு, அதை ஏற்கிற ஆள் வேறு. பட்டப்படிப்பின் முதல் வருடத்திலேயே படித்தது. வெட்கம்.

19.05.2025
பதினொரு பெட்டியிலும் என் பெயரை எடுத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் எழுதிவிட்டேன். சேர் பார்த்தார்.

“அப்ப பக்கத்து மேச றிஷாட் செய்யலாமா?”

“ஓம் சேர்.”

“ஆரும் செய்யலாமா?”

“ஓம்.”

கேட்டது கிடைக்கப் போகிறது. பிறகு ஏன் அழுகை வந்தது?

11.06.2025
விடுப்புக் கடிதம் கையில். உம்மா என்னோடு கதைக்கவில்லை. வாப்பாதான், “வீடு எங்கயும் ஓடிப் போகாது. புள்ள படிச்சிட்டு வரட்டும்” என்றார்.

06.07.2025
பேராதனை. சிபானா கோல் எடுத்தாள்.

“தேத்தண்ணி இப்ப வாப்பாதான் ஊத்துறார் ராத்தா. சீனிதான் கூடிப்போகுது. உம்மா ஒண்டும் சொல்லாமக் குடிக்கிறா.”

சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். நான் ஊற்றிய இத்தனை வருடத்தில் உம்மா ஒரு நாளும் குறை சொல்லாமல் குடித்ததில்லை.