எடை குறைகிறதா என்ற ஒரே கேள்வி

1936, மாசி 4
காலையில் பனி, பத்து மணிக்கே வெயில். பிரசவ வார்டு நிறைந்துவிட்டது. பஞ்சு தீரப்போகிறது, சொல்ல வேண்டும்.

தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோல் சுமக்கும் பெண்களின் குழந்தைகள், ஒரு வருஷத்து எடைச் சீட்டுகள். ஒட்டிய உறையில், டாக்டரம்மா மேஜைமேல். அந்த வேலையால் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதற்கு ஆதாரம் காட்டினால் மாசமான பெண்களுக்கு உட்கார்ந்த வேலை தருவதாக ஷாப் முதலாளி சாயபு சொன்னாராம்.

உறையைக் கேட்டேன். டாக்டரம்மா தரவில்லை. "மொதல்ல எல்லையைக் குறிச்சிடு. எடையைப் பார்த்துட்டு எல்லை போட்டா அது கணக்கே இல்ல."

நான் வெறும் நர்ஸ். பள்ளியில் கணக்குப் பிடிக்கும், அவ்வளவே.

மாசி 5
டாக்டரம்மா தந்த அட்டவணை. மணி வடிவில் வளைவு. நடுவில் வழக்கமான சராசரி, இரு பக்கமும் வால். கேள்வி 'குறைகிறதா' மட்டும். ஆகவே இடது வால் மட்டும். தற்செயலில் ஏமாற நூற்றில் ஐந்து தடவை மட்டும் இடம். ஐந்தும் அந்த வாலுக்கே.

பாதி வளைவின் பரப்பு 0.5. 0.05 போக 0.45.
நடுவிலிருந்து 1.64 தூரத்துக்கு 0.4495.
1.65-க்கு 0.4505.
சரிபாதியில் 1.645. இடப்பக்கம், எனவே −1.645.

'கூடுகிறதா' என்றும் சேர்த்துக் கேட்டிருந்தால், ஐந்து இரு வாலுக்கும் பிரிந்து, எல்லை 1.96 ஆகியிருக்கும்.

எங்கள் ஆம்பூரையே அறியாத யாரோ எங்கோ போட்ட எண்கள். எல்லையை எழுதி, நானும் டாக்டரம்மாவும் கையெழுத்து.

மாசி 7
உறை பிரித்தோம். நடுவே ஒரு பிரசவம், பெண். இந்தக் குழந்தைகளின் சராசரி வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற கணக்கை மூன்று முறை போட்டேன். −1.81. எல்லையைத் தாண்டிவிட்டது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சந்தோஷப்படலாமா தெரியவில்லை. ஒவ்வொரு சீட்டும் நான் துணியில் சுற்றிக் கொடுத்த குழந்தை. தனியாக எந்தச் சீட்டும் எதையும் சொல்லவில்லை. சேர்ந்து சொல்லிவிட்டன. கோயிலில்கூட இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

மாசி 10
சாயபு வந்தார். வளைவை வெகுநேரம் பார்த்தார். "இது தப்பா போவாதா?"

டாக்டரம்மா மறைக்கவில்லை. வேலையால் எடை குறையவே இல்லையென்றாலும், இவ்வளவு குறைவாகத் தற்செயலாய் வர நூற்றில் மூன்று நான்கு தடவை இடமுண்டு என்றார்.

"தப்பா போக எடம் அவ்ளோ கம்மியா" என்றார் சாயபு. காபி குடிக்காமல் போய்விட்டார்.

மாசி 13
தோல் ஷாப் முனியம்மா வந்தாள், ஏழு மாசம். காய்ந்த தோலைத் தரம் பிரிக்க உட்காரவைத்துவிட்டார்களாம். "இன்னா பண்ணீங்க சிஸ்டர்? மேஸ்திரியே பலகை போட்டுக் குடுக்கறான்."

அவள் வயிற்றில் கை வைத்தேன். உதைத்தது.