உன் நட்சத்திரத்தில் ஓர் அர்ச்சனை

நோபல் பார்க்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் கஜீவனுக்கு,

அம்மாவும் அப்பாவும் சுகம் என்று எழுதித்தானே தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், உன் சுகத்தை நீ உண்மையாக எழுது. போனில் கேட்டால் "ஓகே அம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். அமெரிக்காவில் குளிர் தொடங்கியிருக்கும், எறிகிற தோளுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? இங்கே அப்பா வேலையால் வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உன் அணியின் ரசிகர்கள் எழுதுவதையெல்லாம் வாசிக்கிறார், வேண்டாம் என்றால் கேட்கிறாரில்லை. இவனை வேறு அணிக்குக் கொடுத்து இரண்டு தண்ணீர்ப் போத்தல் வாங்கினாலும் லாபம் என்று ஒருவன் எழுதியிருக்கிறான். எழுதியவனுக்கும் ஒரு தாய் இருப்பாள்தானே.

உங்கள் அமெரிக்கன் புட்போல் அணியின் முதல் குவாட்டர்பேக்குக்கு முழங்கால் பிசகியதால்தான் பந்து எறிகிற இடம் உனக்குக் கிடைத்தது. நீ எறிந்த பந்தெல்லாம் எதிரணியின் கையில் போய் விழுந்தது, அதைப் பூசி மெழுக எனக்குத் தெரியாது, நானும் பார்த்தேன். இப்போது அவன் சுகமாகி வந்துவிட்டான், நீ பழையபடி மைதானக் கரையில் குந்தியிருக்கிறாய், உன்னை வேறு அணிக்குக் கொடுப்பதா என்று இந்தக் கிழமை முடிவெடுப்பார்களாம். அப்பா சொல்கிறார், "குடுக்கிறதெண்டால் குடுக்கட்டும், வேற இடத்திலயாவது பெடியன் விளையாடட்டும்" என்று. எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை ராசா. அங்கேயும் முதல் இடத்தில் ஒருவன் இருப்பான், அவன் விழும்வரை நீ பார்த்துக்கொண்டுதான் இருப்பாய்.

உன் அணியின் முதல் குவாட்டர்பேக் முழங்கால் பிசகி விழுந்த அன்று நீ எவ்வளவு சந்தோஷமாகக் கதைத்தாய், நானும் உன் பெயரில் அர்ச்சனை செய்யத்தான் கோவிலுக்குப் போனேன். தொலைக்காட்சியில் காட்டிய அவனுடைய தாய், வாயைப் பொத்திக்கொண்டு, வழியெல்லாம் கண்ணுக்குள் நின்றாள். ஐயர் பெயர் கேட்க, அவன் பெயரைச் சொல்லிவிட்டேன். "நட்சத்திரம் என்னம்மா?" என்றார். அவனுக்கு நட்சத்திரத்துக்கு எங்கே போவது, உன்னுடைய அனுஷத்தைச் சொன்னேன். அவன் கால் சுகமாகிவிட்டது. உனக்காக என்ன கேட்பதென்று இன்றைக்கும் தெரியவில்லை, நீ விளையாட வேண்டும் என்று கேட்டால் இன்னொருத்தியின் பிள்ளை விழ வேண்டியிருக்கிறது.

கொடுத்தாலும் வைத்திருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு. ரசிகர்கள் எழுதுவதை வாசியாதே, உனக்கும் சேர்த்து அப்பா வாசிக்கிறார். புது ஊர் என்றால் விலாசத்தை உடனே எழுது.

முருகன் உன்னைக் காப்பான். அவனையும் காப்பான், அதுதான் கரைச்சல், மகன்.

என்றும் உன் அம்மா,
யோகராணி