அகல லென்ஸில் நம் வீடு

அன்பு மகன் கலோயானுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் எலிட்சாவும் பேத்தி குட்டி யோவாவும் டொராண்டோ குளிரில் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறன்று மெழுகுவர்த்தி ஏற்றினேன். இங்கே லோவெச்சில் எனக்கு முட்டிவலி தவிரக் குறையொன்றும் இல்லை, அதையும் திட்டாவிட்டால் வீட்டில் நான் வேறு யாரோடு பேசுவது. குடைமிளகாய் சுட்டுத் தோலுரித்துப் புட்டியில் அடைத்தாயிற்று, பழக்கதோஷத்தில் எல்லோருக்கும் ஆகிற மாதிரி அடைத்துவிட்டேன், யார் தின்னப்போகிறார்களோ.

அப்பா போன பிறகு, அம்மா நீ தனியாக இருக்க வேண்டாம், வீட்டை விற்றுவிட்டு எங்களிடம் வந்துவிடு என்று சொன்னாயே, அதன்படி தரகரிடம் சொல்லிவைத்தேன். படமெடுக்க ராலித்சா என்ற பெண்ணை அனுப்பினார்கள், நம் ஊர்க்காரிதான், வாய் ஓயாது. சுவரோடு முதுகை ஒட்டி நின்றும் அவளுக்கு அடுப்படி முழுவதும் படத்தில் அடங்கவில்லை. அப்புறம் பையிலிருந்து முன்பக்கம் உப்பிய ஒரு லென்ஸை எடுத்தாள். "என் கேமராவுக்குள்ள படம் விழுற சென்சார் சின்னது அத்தை, மத்த லென்ஸ் போட்டா ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுப் போகும், இது இந்த மாதிரி கேமராவுக்குன்னே செஞ்சது, திருகினா இன்னும் விரியும்" என்றாள். திருகினாள், நம் அடுப்படி கல்யாணக் கூடமாகிவிட்டது. வாசலை எடுக்கும்போது கேட்டில் ஒட்டியிருந்த, அப்பாவின் படம் போட்ட மரண அறிவிப்பைப் பார்த்துத் தயங்கினாள். அதைக் காற்றும் மழையும்தான் கிழிக்கலாம், கையால் கிழிக்க மாட்டோம் என்று அவளுக்கும் தெரியும், அதனால் அது படத்தில் விழாதபடி தள்ளி நின்று எடுத்தாள். ஆனால் அந்த லென்ஸ் அவள் நினைத்ததைவிட அகலம். இணையத்தில் போட்ட பிறகு பார்த்தால் ஓரத்தில் உன் அப்பா, முகம் பக்கவாட்டில் இழுபட்டு நன்றாகப் பருத்துப்போய் இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பென்கா வந்து பார்த்துவிட்டு, "செத்தப்புறம்தாண்டி உன் புருஷனுக்கு உடம்பு தேறியிருக்கு" என்றாள். நெடுநாளைக்குப் பிறகு சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன். அந்தப் படத்தை நீக்கிவிடவா என்று ராலித்சா கேட்டாள், இருக்கட்டும் என்றேன்.

அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் ஆட்கள் வந்தார்கள். காபியும் ரோஜாப்பூ ஜாமும் வைத்துக் காத்திருப்பேன். எல்லோரும் உள்ளே வந்ததும் முகம் சுளிப்பார்கள். பிளெவெனிலிருந்து வந்த ஒருவர், "படத்துல குதிரையே ஓட்டலாம்போல இருந்துச்சு, இங்க வந்து பார்த்தா குண்டுச் சட்டியா இருக்கேம்மா" என்றார். ஆனாலும் உட்கார்ந்து காபி குடித்தார், தன் மகள் கதையெல்லாம் சொன்னார், போன பிறகு அந்தக் கோப்பையைக் கழுவ மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தேன். வருகிறவர்களெல்லாம் ஏமாந்து திரும்புகிறார்கள், சாதாரண லென்ஸில் உள்ளது உள்ளபடி மறுபடி எடு என்று தரகர் ராலித்சாவைத் திருப்பி அனுப்பினார். நான் வேண்டாமே என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்து, "உங்களுக்கு வீடு விக்கணுமா அத்தை, விருந்தாளி வரணுமா?" என்று கேட்டாள். காபி ஆறுகிறது குடி என்றேன்.

புதுப் படத்தைப் பார்த்து ஒரே ஜோடிதான் வந்தது, பிளாமெனும் வயிற்றில் பிள்ளையோடு அவன் மனைவியும். "படத்துல பார்த்த மாதிரியே இருக்கு" என்று அந்தப் பெண் சுவரைத் தடவிப் பார்த்தாள். தரகருக்கும் சம்மதம், நான் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த வாரம்தான் எனக்காகத் தயார் செய்த அறை என்று நீ படம் அனுப்பினாய். பெருமையாக ராலித்சாவிடம் காட்டினேன். "உங்க மகனும் கெட்டிக்காரர்தான், இதுவும் அகல லென்ஸ், பாருங்க சுவரெல்லாம் வெளிப்பக்கம் சாயுது" என்றாள். அவள் போன பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரமாகப் பார்த்தேன் மகனே. திறந்த கதவுக்கு அந்தப் பக்கம், நடைவழியில், யோவாவின் கட்டில் போட்டிருக்கிறது, மேலே அவள் முயல் பொம்மை. குழந்தையை நடைக்குத் தள்ளிவிட்டா எனக்கு அறை?

பிளாமெனிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் வாடியது எனக்குப் பொறுக்கவில்லை, இரண்டு புட்டி மிளகாய் கொடுத்து அனுப்பினேன். கோபித்துக்கொள்ளாதே. இந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயம்தான், சாயங்காலமானால் இன்னும் அதிகம், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது என்னோடு போகட்டும். எலிட்சாவை ஒன்றும் சொல்லாதே, இடமில்லை என்று அவள் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததே பெரிய மனசு. அப்பாவின் வருஷ நினைவுநாளுக்கு முடிந்தால் வா, நீ வராவிட்டாலும் நம் வழக்கப்படி கோதுமை வேகவைத்துக் கல்லறைக்கு எடுத்துக்கொண்டு போவேன். மூன்று பேரையும் கடவுள் காக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. குழந்தையின் கட்டிலை இன்றைக்கே அறைக்குள் எடுத்துப் போடு.

உன் அம்மா
ஸ்னெஷானா